செமிலிங் தங்கைக்கு ஒரு பாட்டு

செமிலிங்
15 நவம்பர் 2023

வானொலி நிலையத்தில் தமிழ் நிகழ்ச்சி நடத்தும் சந்திரா அம்மாவுக்கு, செமிலிங் ராமையா சொல்லி எழுதுவது.

எனக்கு எழுத்து தெரியாது. பக்கத்து வீட்டில் துணி தைக்கும் உமாராணி எழுதுகிறாள். சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும் என்று பேசித்தான் உட்காரவைத்திருக்கிறேன். சூடான இடத்தை அவள் ஆறவைத்து எழுதிவிட்டால் அது என் குற்றம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தீபாவளி. காலை ஏழேகாலுக்கு நீங்கள் வாழ்த்து வாசித்தீர்கள். கோலா கெடா சீனிவாசகம், செமிலிங்கில் இருக்கும் தங்கை பிச்சையம்மாளுக்கு வாழ்த்துச் சொல்கிறார், தங்கை நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும் என்கிறார் என்று சொல்லி ஒரு பழைய பாட்டும் போட்டீர்கள். நான் அப்போது எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பிச்சையம்மாள் என் மனைவி. மார்ச் ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை, பசியாறிவிட்டுத் தட்டைக் கழுவப் போனவள் குழாயடியிலேயே சரிந்தாள். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் உயிர் இல்லை. அன்று மாலை ஆறரைக்கு மரண அறிவிப்பில் அதை வாசித்ததும் நீங்கள்தான். உங்களுக்கு அன்று தொண்டை கட்டியிருந்தது. முதலில் குரூனில் ஒருவர், அடுத்துப் பெண்டாங்கில் ஒருவர், மூன்றாவதாக அவள். மறுநாள் காலையிலும் ஒருமுறை வாசித்தீர்கள்.

செத்தவளுக்கு நூறு வயது வாழ்த்தும் உங்கள் வாயிலிருந்துதான் வந்தது. அதற்காக உங்களிடம் சண்டைக்கு வரவில்லை. விஷயம் வேறு. நீங்கள் அன்று வாசித்த பெயர் பிச்சையம்மாள் இல்லை. "அஞ்சலை, தகப்பனார் வீரன், வயது எழுபத்தேழு, செமிலிங், தகனம் நாளை பகல் இரண்டு மணி." அவ்வளவுதான். அஞ்சலை என்பது அவள் ஐசியில், அடையாள அட்டையில் இருக்கும் பெயர். அந்தப் பெயரைச் சொல்லி அவளை யாரும் கூப்பிட்டதே கிடையாது. நானே கூப்பிட்டதில்லை.

சீனிவாசகம் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். எங்களுக்குள் பத்தொன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் தீபாவளிக்குத் தீபாவளி உங்கள் வானொலியில் தங்கைக்கு வாழ்த்துச் சொல்வார். அவள் சத்தத்தைக் கூட்டி வைப்பாள். நான் எழுந்து வாசல் பக்கம் போய்விடுவேன். வானொலியில் சொல்லியும் தங்கை சாவுக்கு வராத மனிதன் என்று எட்டு மாதம் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது, அவருக்குச் சங்கதியே தெரியாது.

பிச்சையம்மாள் இறந்துவிட்டாள் என்று அவள் பெயரைச் சொல்லி ஒரு தடவை வாசித்துவிடுங்கள். இதுதான் நான் கேட்பது.

இப்படிக்கு,
ராமையா (பெருவிரல் வைத்திருக்கிறேன்)


சுங்கைப்பட்டாணி
23 நவம்பர் 2023

அன்புள்ள ஐயா ராமையா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மார்ச் ஒன்பதாம் தேதி எனக்குத் தொண்டை கட்டியிருந்தது உண்மை. அறிவிப்பையும் வாழ்த்தையும் வாசித்தது என் குரல்தான். இரண்டுக்கும் இடையில் எட்டு மாதம் இருந்ததால் எனக்கு அது தெரியாமல் போயிற்று என்று சொல்லலாம். ஆனால் எனக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை என்பதுதான் இன்னும் வருத்தம். மன்னித்துவிடுங்கள்.

மரண அறிவிப்பில் நாங்கள் அடக்கப் பத்திரத்தில் உள்ள பெயரை மட்டுமே வாசிக்கிறோம். முன்பு இப்படி இல்லை. ஆறு வருடங்களுக்கு முன் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, உயிரோடு இருந்த தன் பங்காளி இறந்துவிட்டதாகச் சொன்னார். நம்பி வாசித்துவிட்டோம். பெயர் வாசிக்கப்பட்டவர் மறுநாள் காலை மாலையும் கழுத்துமாக நிலையத்துக்கே வந்து நின்றார். அவர் வீட்டுக்கு அனுதாபம் சொல்ல வந்தவர்கள் போட்ட மாலையாம். அன்றிலிருந்து பத்திரத்தில் இருப்பதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்ப்பதில்லை. தமிழுக்கு எங்களுக்குக் கிடைப்பது ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம். அதில் அறிவிப்புக்கு நான்கு நிமிடம். கணவர் பெயரும் மக்கள் பெயரும் விடுபட்டது அதனால்தான்.

அஞ்சலையும் பிச்சையம்மாளும் ஒருவரே என்று காட்டும் தாள் ஏதாவது உங்களிடம் இருந்தால் நகல் எடுத்து அனுப்புங்கள். எங்கள் தலைவரிடம் நானே கொண்டுபோய்ப் பேசுகிறேன்.

ஒரு கேள்வி, தவறாக நினைக்க வேண்டாம். செமிலிங்கிலிருந்து கோலா கெடா அப்படியொன்றும் தூரம் இல்லை. வானொலி மூலமாகச் சொல்வதைவிட யாராவது நேரில் போய்ச் சொல்வது நல்லது அல்லவா?

அன்புடன்,
சந்திரா


செமிலிங்
30 நவம்பர் 2023

சந்திரா அம்மாவுக்கு ராமையா சொல்வது.

தாள் கேட்டிருக்கிறீர்கள். தாளால் வந்த வினைதான் இது. சொல்கிறேன், கேளுங்கள்.

என் மாமனார் வீரனுக்கு முதலில் பிறந்தது சீனிவாசகம். அதற்கப்புறம் ஜப்பான்காரன் போன மறுவருஷம் ஒரு பெண் பிறந்தது. அதற்குத்தான் அஞ்சலை என்று பெயர் வைத்தார்கள். தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி டவுனுக்குப் போய்ச் சூரா எடுத்துக்கொண்டு வந்தார். பிறந்த பத்திரம். பிள்ளை நாற்பது நாள்தான் இருந்தது. பத்திரம் தகரப் பெட்டியில் தங்கிவிட்டது.

இரண்டு வருஷம் கழித்து இன்னொரு பெண். முன்னது தங்காமல் போனதால் இதையாவது காப்பாற்ற வேண்டும் என்று பிள்ளையைத் தவிட்டுக்குக் கொடுத்துத் திரும்ப வாங்கி, பிச்சை கேட்டு வாங்கிய பிள்ளை என்று பிச்சையம்மாள் எனப் பெயர் வைத்தார்கள். அது கம்யூனிஸ்டுக் கலகம் தொடங்கின வருஷம். தோட்டத்தைச் சுற்றி முள்வேலி, கேட்டில் பட்டாளம். டவுனுக்குப் போய்ப் பதிய ஆளில்லை. இந்தப் பிள்ளைக்குச் சூராவே எடுக்கவில்லை.

பன்னிரண்டு வயதில் ஐசி எடுக்க வேண்டும் என்றார்கள். மாமனார் பெட்டியைத் திறந்தார். ஒரே ஒரு பெண்பிள்ளைப் பத்திரம் இருந்தது. கொண்டுபோய்க் கொடுத்தார். கிராணி பார்த்துவிட்டு, "வீரா, பொம்பளப் புள்ள ஒண்ணு, சூரா ஒண்ணு. கணக்கு சரிதானே லா" என்றாராம். அதோடு முடிந்தது. அன்றிலிருந்து அவள் செத்துப்போன அக்காளுடைய பத்திரத்தில் வாழ்ந்தாள். இரண்டு வயது கூட. பேரேட்டில் அஞ்சலை, ரப்பர் மர நிரையில் பிச்சையம்மாள். எங்கள் தோட்டத்தில் இப்படி அவள் ஒருத்தி மட்டும் இல்லை. பரஞ்சோதி என்று வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் ஒருவர் இருந்தார், அவர் அரசாங்கத்துக்கு முனியாண்டி. பென்ஷன் புத்தகம் வாங்கப் போனவரை நீ அவன் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இரண்டு பெயருக்கும் சேர்த்து ஒரு தாளும் இல்லை. சாட்சி சொல்ல ஆளும் இல்லை. மாமனார் மாமியார் போய்விட்டார்கள், கிராணி போய்விட்டார், தோட்டமும் போய்விட்டது, இப்போது அங்கே தாமான், வரிசை வரிசையாகப் புது வீடுகள். என் மகள் நளினி ஜோகூரில் இருக்கிறாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் நான் சொல்லித் தெரிந்ததுதான்.

தகனத்துக்கு இருபத்திரண்டு பேர் வந்தார்கள். முப்பது வருஷம் ஒரே மலையில் பால் வெட்டினவளுக்கு இருபத்திரண்டு பேர். செப்டம்பர் மாதம் பீடோங் பாசாரில் பிரேமாவதி என்னைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து நிரையில் வெட்டினவர்கள். "என்னா அண்ணே, அக்காவ ஆளையே காணோம், முட்டிவலியா" என்றாள். நான் சொன்னேன். மீன் பையைக் கீழே வைத்துவிட்டு என்னை அடிக்க வந்தாள். "ரேடியோவுல சொல்லலியே. தினமும் கேக்கறனே. எனக்குச் சொல்லாம எப்படி எரிச்சீங்க" என்றாள். சொன்னார்களே என்று நான் எந்த வாயால் சொல்வது.

கோலா கெடா போகச் சொல்கிறீர்கள். எண்பது வயது. முட்டி எனக்குத்தான் வலி. மூன்று பஸ் மாற வேண்டும். உங்கள் கோபுரம் ஜெராய் மலைமேல் நிற்கிறது, அங்கிருந்து நீங்கள் சொன்னால் ஒரு நொடியில் கோலா கெடா போய்ச் சேரும். அதனால்தான் உங்களைக் கேட்டேன்.

இப்படிக்கு,
ராமையா


சுங்கைப்பட்டாணி
11 டிசம்பர் 2023

அன்புள்ள ஐயா,

தாள் கிடைத்துவிட்டது. அது உங்கள் வீட்டில் இல்லை, எங்கள் சாமான் அறையில் இருந்தது.

நேயர்கள் அனுப்பும் அட்டைகளைத் தூக்கிப்போட எனக்கு மனம் வராது. பிஸ்கட் டின்களில் வருடவாரியாகக் கட்டி வைத்திருக்கிறேன். அதற்காக அலுவலகத்தில் என்னைக் கிண்டல் செய்வார்கள். உங்கள் கடிதம் வந்ததும் செமிலிங் என்று இருந்த அட்டைகளை எல்லாம் பிரித்தேன். 2011இல் நாங்கள் ஒரு புதிர்ப் போட்டி வைத்தோம். பரிசுக்கு ஐசி எண் எழுத வேண்டும். அதில் "பிச்சையம்மாள், செமிலிங்" என்று ஓர் அட்டை. கீழே இருக்கும் எண் உங்கள் வீட்டு அடக்கப் பத்திரத்தில் உள்ள அதே எண். தலைவரிடம் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அவர் மலாய்க்காரர், தமிழ் எழுத்து தெரியாது, எண்ணை இரண்டு முறை விரல் வைத்துப் பார்த்துவிட்டு வாசிக்கச் சொல்லிவிட்டார். பொங்கலுக்கு முன் வாசிக்கலாம் என்று இருக்கிறேன். வாசகம் இது:

"கடந்த மார்ச் மாதம் அஞ்சலை என்று அறிவிக்கப்பட்டவர், செமிலிங் பிச்சையம்மாள், வயது எழுபத்தைந்து. ராமையாவின் மனைவி, நளினியின் தாயார், கோலா கெடா சீனிவாசகத்தின் தங்கை."

உங்களுக்குச் சம்மதமா என்று சொல்லுங்கள்.

இதற்கு மேல் எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். டின்னில் அந்த ஓர் அட்டை மட்டும் இல்லை. உங்கள் மனைவி பொங்கலுக்குப் பொங்கல் எங்களுக்கு எழுதியிருக்கிறார். கோலா கெடாவில் இருக்கும் அண்ணனுக்குப் பாட்டுக் கேட்டு. பதினான்கு அட்டைகள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் ஒரு வரி: "என் பெயரைச் சொல்ல வேண்டாம். செமிலிங் தங்கை என்று மட்டும் சொல்லவும். வீட்டில் கேட்டால் சங்கடப்படுவார்." அதனால் நாங்களும் செமிலிங் தங்கை என்றுதான் வாசித்திருக்கிறோம். அவர் அண்ணன் வருடா வருடம் தீபாவளிக்கு எழுதியது, போன பொங்கலுக்கான பதில் என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது.

கடைசி அட்டை இந்த ஆண்டு ஜனவரியில் வந்தது. "இந்தத் தடவை பாட்டு எது என்றாலும் சரி. அண்ணனுக்கு வயசாகிறது, எனக்கும் ஆகிறது. ஒருதரம் வீட்டுக்கு வரச் சொல்லவும். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார், நான் பார்த்துக்கொள்கிறேன்." அழைப்பையெல்லாம் வானொலியில் வாசிக்க முடியாது என்று பாட்டை மட்டும் போட்டோம். அந்த முடிவை எடுத்தவள் நான்.

நகல்களை இணைத்திருக்கிறேன்.

சந்திரா


செமிலிங்
18 டிசம்பர் 2023

சந்திரா அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை உமாராணி வாசித்துக்கொண்டே வந்தாள். பொங்கல் அட்டை என்கிற இடம் வந்ததும் நிறுத்திவிட்டாள். என்ன என்றேன். கத்தரிக்கோலை எடுத்தாள், வைத்தாள். அட்டையின் நகலைத் திருப்பி என் பக்கம் காட்டினாள். எனக்கு எழுத்து தெரியாது. ஆனால் ஒருத்தர் எழுத்தின் சாடை தெரியும். ஒரு மாதமாக என் முன்னால் உட்கார்ந்து எழுதிய அதே கை.

"பாட்டி சத்தியம் வாங்கிட்டாங்க தாத்தா. நான் என்னா செய்ய" என்றாள்.

பொங்கல் காலையில் நான் எப்போதும் கோயிலில் பந்தல் பார்க்கப் போய்விடுவேன். ஏழு மணிக்குப் போனால் பத்துக்குத்தான் திரும்புவேன். வந்து பார்த்தால் அவள் சிரித்த முகமாக இருப்பாள். பொங்கல் நன்றாகப் பொங்கியது போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். பதினான்கு வருஷம் அப்படித்தான் நினைத்தேன்.

நான் உங்களுக்குப் பாதிதான் சொல்லியிருக்கிறேன். முட்டிவலி, மூன்று பஸ் எல்லாம் பொய் இல்லை. ஆனால் போகாததற்குக் காரணம் அது இல்லை.

2004இல் நளினிக்குக் கல்யாணம். தாய்மாமனுக்குத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்துப் புருஷனும் பொண்டாட்டியும் நேரில் போய் அழைக்க வேண்டும். அது முறை. அப்போது சீனிவாசகம் அலோர் ஸ்டாரில் கடை வைத்திருந்தார். அதற்கு முன்னால் நளினி பெரிய மனுஷி ஆனபோது அழைக்கப் போனோம். கடையில் கூட்டம். எங்களை அரிசி மூட்டைப் பக்கத்தில் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு ஒரு மணி நேரம் வியாபாரம் பார்த்தார். தோட்டத்து ஆள் என்றுதானே என்று எனக்கு உள்ளே கிடந்தது. கல்யாணத்துக்கு நான் போகவில்லை. அவளையும் விடவில்லை. அந்தப் பக்கம் போகிற லாரி டிரைவர் புவனேசனிடம் கல்யாண அழைப்பு அட்டையைக் கொடுத்துவிட்டேன்.

கல்யாணத்தன்று அதே லாரி வந்தது. தாய்மாமன் சீர், பட்டுப்புடவை, பழம், எல்லாம் ஒரு குறை இல்லாமல். ஆள் இல்லை. புவனேசன் தலையைச் சொறிந்துகொண்டு, "லாரியில வந்த அழைப்புக்கு லாரியிலயே சீராம் அண்ணே, அப்படித்தான் சொல்லச் சொன்னாரு" என்றான். பந்தலில் சிரித்தவர்கள் உண்டு. பிச்சையம்மாள் அந்தப் புடவையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று கேட்கவில்லை, அப்புறமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் போய்க் கூப்பிட்டிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

அன்று கல்யாணத்தை லாரியில் சொல்லி அனுப்பினேன். இப்போது சாவை ரேடியோவில் சொல்லி அனுப்பப் பார்க்கிறேன். உங்கள் கடிதத்தை வாசித்த பிறகுதான் அது எனக்கு உறைத்தது.

அதனால் அதை வாசிக்க வேண்டாம். கெஞ்சிக் கேட்டதும் நான், வேண்டாம் என்பதும் நான். உங்கள் தலைவர் என்ன நினைப்பாரோ. சீனிவாசகம் கடையில் உட்கார்ந்திருக்கும்போது தங்கை பெயரை ரேடியோப் பெட்டி சொல்லக் கூடாது. நான் போகிறேன். கொஞ்சம் பொறுங்கள்.

அவர் விலாசம் உங்களிடம் இருக்குமே. கொடுப்பீர்களா.

ராமையா


சுங்கைப்பட்டாணி
27 டிசம்பர் 2023

அன்புள்ள ஐயா,

வாசகத்தை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டேன். நீங்கள் சொல்லாமல் எடுக்க மாட்டேன். எங்கள் தலைவர் ஒன்றும் நினைக்கவில்லை. போய்விட்டு வந்து என்ன ஆயிற்று என்று தனக்கும் சொல்லச் சொன்னார்.

நேயர் விலாசத்தை வெளியே கொடுக்க எனக்கு அனுமதி இல்லை. ஆனால் ஐந்து வருடங்களுக்கு முன் கோலா கெடா மீன் சந்தையில் ஒரு நேரடி ஒலிபரப்புச் செய்தோம். பெரிய வெயில். ஐஸ் தொழிற்சாலைக்கு எதிரே ஒரு மளிகைக் கடையில் பெரியவர் ஒருவர் எங்களை உள்ளே உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். செமிலிங் பக்கமும் இப்படி வந்து நிகழ்ச்சி செய்வீர்களா என்று அவர் கேட்டது நினைவிருக்கிறது. இது அட்டையில் இருந்த விலாசம் இல்லை. நான் தேநீர் குடித்த இடம். அதைச் சொல்லக் கூடாது என்று எந்த விதியும் இல்லை.

பொங்கலுக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. அன்று காலை அவர் வானொலிப் பக்கத்தில் காத்திருப்பார். அதற்குள் போய்விடுங்கள்.

சந்திரா


கோலா கெடா
6 ஜனவரி 2024

சந்திரா அம்மாவுக்கு ராமையா சொல்லி எழுதுவது.

இந்தக் கடிதத்தின் எழுத்து வேறாக இருக்கும். உமாராணி எழுதவில்லை. எழுதுவது சீனிவாசகம். கடைக்குப் பின்னால் மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார். எண்பத்திரண்டு வயது, கண்ணாடி இல்லாமல் எழுதுகிறார். இந்த வரியை எழுத மாட்டேன் என்றார். நான் சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும் என்றேன்.

காலை ஏழு மணிக்குப் புறப்பட்டேன். பீடோங்கில் ஒரு பஸ், சுங்கைப்பட்டாணியில் ஒரு பஸ், அலோர் ஸ்டாரில் ஒரு பஸ். சாவு சொல்லப் போகிறவன் கையில் ஒன்றும் கொண்டுபோகக் கூடாது. வெறுங்கையோடு வந்தேன். ஐஸ் தொழிற்சாலையில் கேட்டதும் காட்டிவிட்டார்கள்.

கடையில் கூட்டம். லங்காவி போகிற கப்பலுக்கு நேரமாகிவிட்டது என்று எல்லாரும் ரொட்டியும் தண்ணீரும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். மகன் கல்லாவில். இவர் பக்கத்தில் நாற்காலியில். நான் வாசலில் நின்றேன். கூப்பிடட்டும் என்று நின்றேனா, வாய் வராமல் நின்றேனா என்று இப்போதும் தெரியவில்லை. ஒரு சீன அம்மாள் நகர்ந்ததும் இவர் என்னைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். அப்புறம் எனக்குப் பின்னால் பார்த்தார். கொஞ்ச நேரம் பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தனியாவா வந்தீங்க, மச்சான்?" என்றார்.

தலையை ஆட்டினேன்.

எழுந்து வந்தார். வாங்க என்று சொல்லவில்லை. எப்போது என்று மட்டும் கேட்டார். மார்ச் என்றேன். விரல் விட்டு எண்ணினார். பத்து மாதமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். என்னை அங்கேயே விட்டுவிட்டுக் கடைக்குள்ளே போய்விட்டார். நான் திரும்பிப் பஸ் ஏறிவிடலாமா என்று நினைத்தேன். மகன்தான் வந்து, "மாமா, அப்பா பின்னாடி குழாய்கிட்ட நிக்கிறாரு, போங்க" என்றான்.

சாவு எப்போது காதில் விழுந்தாலும் அப்போதே தலை முழுக வேண்டும். சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தார். மீன் கழுவுகிற பெரிய தொட்டி. வாளி கனம், அவரால் தூக்க முடியவில்லை. வாங்கி மொண்டு ஊற்றினேன். எத்தனை வாளி என்று எனக்கு நினைவில்லை. எனக்கு நினைவில்லாத காரியம் என் ஆயுசில் குறைவு.

அப்புறம்தான் பேசினோம். என்னைத் திட்டினார். முழுக்கத் திட்டினார், அதை இங்கே எழுத வேண்டாம் என்கிறார். நான் எழுதச் சொன்னேன், எழுதவில்லை. அவர் கேட்ட ஒரு கேள்வியை மட்டும் எழுதச் சொல்லியிருக்கிறேன். "கல்யாணத்துக்கு வாசல்ல வந்து நின்னுருந்தா நான் கடைய சாத்திட்டு வந்துருக்க மாட்டேனா" என்றார். மாட்டீர்கள் என்று நினைத்துத்தான் நான் வரவில்லை என்றேன்.

இன்னொன்று சொன்னார். மார்ச் ஒன்பதாம் தேதி அவர் உங்கள் அறிவிப்பைக் கேட்டிருக்கிறார். சூரா விஷயம் அவருக்குத் தெரியாது. பத்து வயதில் தோட்டத்தை விட்டுக் கடை வேலைக்கு வந்துவிட்டார், யாரும் சொல்லவில்லை. அஞ்சலை, தகப்பனார் வீரன், வயது எழுபத்தேழு என்றதும் திடுக்கிட்டாராம். நாற்பது நாளில் போன தங்கையைப் புதைத்ததை, மண்வெட்டியோடு போனவர்கள் பின்னால் போய் அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். அவள் இருந்தால் இன்று இந்த வயதுதான் இருப்பாள், யாரோ இன்னொரு வீரன் மகள் என்று நினைத்துக் கடையில் கற்பூரம் ஏற்றியிருக்கிறார்.

"அந்தப் புள்ள செத்தப்ப லயத்துல ஒருத்தருக்கும் சொல்லல. அதுக்கும் ஒரு அறிவிப்பு ஆயிடுச்சு" என்றார். இதைச் சொல்லும்போது எழுதுவதை நிறுத்திவிட்டார். எழுதுங்கள் மச்சான் என்றேன். எழுதுகிறார்.

இப்போது நீங்கள் வாசிக்கலாம். இழுப்பறையில் இருப்பதை அப்படியே வாசிக்க வேண்டாம் என்கிறார். சனிக்கிழமை மாலை வாசியுங்கள், படகெல்லாம் கரையில் இருக்கும் என்கிறார். பிரேமாவதிக்கு முன்கூட்டியே நான் போய்ச் சொல்லிவிடுகிறேன். வாசகத்தைக் கீழே அவரே எழுதுகிறார். நான் சொல்லவில்லை, அவர் சொந்தமாக எழுதுகிறார். எழுதி முடித்து எனக்கு வாசித்துக் காட்டட்டும், சரி என்றால் பெருவிரல் வைக்கிறேன்.

"செமிலிங் பிச்சையம்மாள், வயது எழுபத்தைந்து, 9.3.2023 அன்று காலமானார். வருகிற மார்ச்சில் செமிலிங் வீட்டில் வருஷத் திதி. தெரிந்தவர்கள் எல்லாரும் வரவும். இது நேரில் வந்து அழைத்ததாக ஆகாது. முடிந்தவரை வீடு வீடாக வந்து சொல்கிறோம். இப்படிக்கு, கணவர் ராமையா, அண்ணன் சீனிவாசகம்."